சின்னக்குழந்தைக்கு வயது எத்தனை

பலாமரத்துக்கொல்லையில் கோபால்சாமியைத் தேடி வருகிறவர்கள் நேரே அவர் வீட்டுக்குப் போவதில்லை. சாமைக்கொல்லை, புளியந்தோப்பு, ஓடைக்கரை என்று எங்காவது ஓர் இடத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். கையில் களைக்கொத்து இருக்கும். காலடியில் களையும் இருக்கும். கண் மட்டும் எதிர்மலையின் தோளில் ஏறி இறங்கும் மேகத்தின் மேல் கிடக்கும். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார். தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வருகிறவரைப் போல மெல்லத் திரும்பி, "இன்னா?" என்பார்.

"மாடு கட்டுற மொளக்குச்சியும் நின்ன எடத்துலதான் நிக்குது. அதுனால மாட்டுக்காவது பிரயோசனம் உண்டு" என்பாள் அவர் மனைவி மங்கம்மாள்.

அப்படிச் சொல்வாளே தவிர, அவரை மாற்ற அவள் முயன்றதில்லை. விதைப்பு, அறுப்பு, புளி உலுக்குவது, கடுக்காய்க்கு விலை பேசுவது எல்லாமே அவள் பாடு. ஜவ்வாது மலையின் அந்த வடக்குச் சரிவில் எல்லோருமாகச் சேர்ந்து அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: பொறுப்பில்லாத ஆள். கோபால்சாமிக்கு அதில் வருத்தமில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று அவரே நினைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே மகள். முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனபின் வந்தவள். பெரிய பெயராக வைத்தால் கண் படும் என்று சின்னக்குழந்தை என்றே வைத்துவிட்டார்கள்.

அவள் பள்ளிக்கூடம் போனது ஒரு விபத்து போல நடந்தது. மங்கம்மாள் குளிர்க்காய்ச்சலில் பாயோடு கிடந்த ஒரு வருஷம், குழந்தைக்கு வேளாவேளைக்குச் சோறு போடக்கூடத் தெரியாமல் கோபால்சாமி திண்டாடினார். மலை முகட்டுக்கு அந்தப்பக்கம் அரசாங்கம் நடத்திய பள்ளியில் பிள்ளைகளைத் தங்கவைத்துச் சோறு போடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நின்றார்.

"வயசு இன்னா?" என்றார் தலைமையாசிரியர். கீழ்நாட்டுக்காரர்.

கோபால்சாமிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊருக்கு நிலம் அளக்கிறவர்கள் சங்கிலியோடு வந்த வருஷம், சாமை அறுத்துக் களத்தில் கிடந்த சமயத்தில் அவள் பிறந்தாள் என்று சொன்னார். தலைமையாசிரியர் சிரித்துவிட்டு, குழந்தையின் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். சின்னக்குழந்தைக்குக் கொஞ்சம் நீளமான கை. காதைத் தொட்டதோடு நிற்காமல் பிடித்து இழுத்தும் காட்டினாள்.

"அஞ்சு முடிஞ்சிருச்சி" என்று சொல்லி, ஜூன் மாதம் முதல் தேதி என்று அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் ஜூன் முதல் தேதியில்தான் பிறந்திருந்தார்கள்.

உண்மையில் அவளுக்கு அப்போது நான்கு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. இது கோபால்சாமிக்கும் மங்கம்மாளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நாளடைவில் அவர்களும் அதை மறந்து போனார்கள்.

சோற்றுக்காகப் போனவள் படிப்பில் ஒட்டிக்கொண்டாள். முகட்டுப் பள்ளி முடிந்து, மலையடிவாரத்து ஒடுகத்தூர்ப் பள்ளியும் முடிந்து, வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தச் சரிவிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் பெண். அனுப்பும் முன் வேடியப்பன் கோயில் பாறையில் ஊர் கூடியது.

மங்கம்மாளின் தம்பி தசரதன், தன் மகனுக்குத்தான் அவள் என்று முன்பே பேசிவைத்திருந்தான். அவனுக்கு அவளை அனுப்ப மனமில்லை. ஊர்க்கவுண்டர் காசி நெடுநேரம் வெற்றிலையை மென்றுவிட்டுச் சொன்னார்:

"போவட்டும். ஆனா ஒண்ணு கோபாலு. கழுத்துல தாலி ஏர்ற வரைக்கும் பொண்ணு அப்பன் கையில. அங்க போய் அவ செய்யறது எல்லாம் நீ செஞ்சாப்ல. நல்லதுன்னாலும் உன்னுது, கெட்டதுன்னாலும் உன்னுது. சம்மதமா?"

கோபால்சாமி அப்போது கோயிலுக்குப் பின்னால் மூங்கில் புதரில் புகுந்து வெளியே வரும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கம்மாள் இடுப்பில் இடித்தாள். "சம்மதம்" என்றார்.

கல்லூரியிலும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா ஒரு தாளை அவர் முன் வைத்து விரலால் வரிவரியாகத் தொட்டுக்காட்டினார். "கட்டணம், விடுதிச் செலவு, பொண்ணோட நடத்தை, எதையாவது உடைச்சா அந்த நஷ்டம், நோய் நொடின்னா வைத்தியம். எல்லாத்துக்கும் தகப்பனார் பொறுப்பு. பொண்ணுக்கு இன்னும் பதினெட்டு ஆகலை, மைனர். அதனால நீங்கதான் ஒத்துக்கணும்."

மலைவாழ் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் இருந்ததால் கட்டணத்தைப் பற்றிப் பயமில்லை. ஆனால் அந்தச் சொல் கோபால்சாமியின் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. பொறுப்பு. பிறந்ததிலிருந்து இல்லை இல்லை என்றே கேட்டுவந்த ஒன்றை, முன்பின் தெரியாத ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து நீட்டுகிறார். பெருவிரலில் மையைத் தடவி, தாளில் வைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

உடன் வந்திருந்தவர் கலீல் பாய். வாணியம்பாடிக்காரர்; வேலூரில் குடியேறி, தோல் பதனிடுகிறவர்களுக்குக் கடுக்காய் விற்று வந்தார். மலைக் கடுக்காயை எடைபோட்டு எடுக்க வருஷா வருஷம் ஒடுகத்தூருக்கு வருவார். மங்கம்மாளோடு பேரம் பேசித் தோற்றே அந்தக் குடும்பத்துக்கு நெருங்கினவர். வேலூரில் சின்னக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்று அவர் பெயரைத்தான் கல்லூரியில் எழுதியிருந்தார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கோபால்சாமி கேட்டார்: "பாய், பொறுப்புன்னா இன்னா செய்யணும்?"

கலீல் பாய் யோசித்தார். "மூட்டை தூக்கறாப்லதான் கவுண்டரே. தூக்கிக்கினவன்தான் எறக்கணும். பாதி வழியில போட்டுட்டுப் போவ முடியாது."

அன்று மலை ஏறும்போது கோபால்சாமிக்குத் தோளில் ஏதோ இருப்பது போலவே இருந்தது. கனமாக இல்லை. ஈரத் துண்டைப் போட்டுக்கொண்ட மாதிரி, குளுமையாக.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மலையில் நல்ல மழை. சாமை கதிர் வைத்துப் பச்சையாக நின்றது. ஒரு விடியலில் தபால்காரர் ராஜாக்கண்ணு முழங்கால் வரை சேறோடு ஏறி வந்தார். அவர் வாரம் தவறாமல் வருகிறவர்தான். ஆனால் அது அவர் வரும் நாளில்லை. மங்கம்மாள் உலைப்பானையை இறக்கிவைத்துவிட்டு எழுந்தாள்.

"தந்தி. நேத்தே வந்தது. ஓடையில தண்ணி, ஏற முடியலை" என்றார் ராஜாக்கண்ணு. "பாப்பாவுக்கு வயித்துல ஆபரேசன் பண்ணணுமாம். கோபாலு, நீ வந்து கையெழுத்து போடணும்னு எழுதியிருக்காங்க."

கோபால்சாமி மூலையில் கிடந்த கோணியை எடுத்தார். மங்கம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை மடித்து மழைக்குத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததே இல்லை.

கால்கள் தாமாகவே போயின. மேகம் தரையோடு படுத்திருந்தது. முன்னால் இருக்கும் மரம் பக்கத்தில் போன பிறகுதான் மரமாயிற்று. தாண்டியதும் மறுபடி வெள்ளையில் கரைந்தது. சீத்தாமரங்களின் இலைநுனியில் நீர் சொட்டும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்து போனது. தோளில் குழந்தை உட்கார்ந்திருந்தது. நிஜமாகவே உட்கார்ந்திருந்தது. முகட்டுப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போன நாளில் போலவே இரண்டு கையாலும் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அது இன்னா? அப்பா, அது இன்னா?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. அவரும் வாய்விட்டே பதில் சொல்லிக்கொண்டு போனார். "அது மூங்கிலு. அது கரடி பிராண்டின மரம். அது ஒண்ணுமில்ல, மோடம்."

ஓடையில் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. குழந்தை நனையக்கூடாதென்று தோளை உயர்த்திக்கொண்டு கடந்தார்.

அடிவாரத்தில் காட்டிலாகாச் சாவடி. சந்தனக்கட்டை கடத்துகிறவர்களுக்காகக் கம்பு போட்டு வழியை மறித்திருந்தார்கள். காவலர் ஒருவர் குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா கூட? யார்கிட்ட பேசிக்கினு வர்றே?"

கோபால்சாமி நின்றார். தோளைத் தொட்டுப் பார்த்தார். கோணி மட்டும்தான் இருந்தது.

"எம் பொண்ணு ஆஸ்பத்திரியில கீதுங்க. கைநாட்டு வெக்கப் போறேன்" என்றார்.

காவலர் கம்பைத் தூக்கிவிட்டார்.

ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில், ஈரத்துணியோடு ஜன்னலில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்தார். கனவில் அந்தக் குமாஸ்தா தாளை நீட்டினார். விரலை வைத்தால் தாளில் ஒன்றும் பதியவில்லை. திருப்பிப் பார்த்தால் விரலில் ரேகையே இல்லை. ஓடைக் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தது. "சீக்கிரம்" என்றார் குமாஸ்தா. கோபால்சாமி விரலை மண்ணில் தேய்த்தார், பாறையில் தேய்த்தார். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது வலது பெருவிரலை இடது கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் கலீல் பாயின் மனைவி ஷம்ஷாத் நின்றிருந்தாள். முந்தின நாள் மதியத்திலிருந்து அவள் வீட்டுக்கே போகவில்லை என்று பிறகு தெரிந்தது. அவரைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, பயப்படாதீங்க. நல்லா இருக்கா. ஆபரேசன் முடிஞ்சிருச்சி."

"முடிஞ்சிருச்சா?" கோபால்சாமி பெருவிரலைப் பார்த்தார். "நான் இன்னும் வெக்கலியே."

ஷம்ஷாத் அவரை ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நின்றபடியே, ஆனால் பொறுமையாகச் சொன்னார். குடல்வால் பழுத்துவிட்டதாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உள்ளேயே உடைந்திருக்குமாம்.

"உங்களுக்காகக் காத்திருக்க முடியலைங்க. இந்தம்மா நான் போடறேன்னாங்க. ஆனா தேவைப்படலை. உங்க பொண்ணு பேருதான் சின்னக்குழந்தை. வயசு பத்தொன்பது. மேஜர். அவங்களே படிச்சுப் பார்த்துக் கையெழுத்து போட்டுட்டாங்க. சட்டப்படி அது போதும்."

"அப்ப நானு?"

டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சேறு, கோணி, பொத்திய கை. "நீங்க போய்ப் பொண்ணைப் பாருங்க" என்றார்.

பத்தொன்பது. அந்த எண் கோபால்சாமியின் உள்ளே எங்கோ போய் ஒரு பழைய கதவைத் தட்டியது. தலைக்கு மேல் வளைந்த சின்னக் கை, இழுபட்ட காது, தலைமையாசிரியரின் சிரிப்பு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. இப்போது மலையில் சாமை பச்சையாக நிற்கிறது. அது பழுத்து அறுத்துக் களத்துக்கு வந்தால்தான் அவளுக்குப் பதினெட்டு. அப்படியானால் அந்தக் கையெழுத்து?

சொல்ல வாயெடுத்தார். டாக்டர் வேறொரு கட்டிலுக்குப் போய்விட்டார். கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் இன்னா ஆகும்? டாக்டரம்மாவுக்குத் தொல்லை. பிள்ளைக்குத் தொல்லை. வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் யோசித்து முடிவெடுத்துச் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

சின்னக்குழந்தை வெள்ளைப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு வறண்டிருந்தது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தொங்கிய அவள் கையைத் தூக்கி மேலே வைத்தார். இன்னும் நீளமான கைதான்.

மாலையில் கலீல் பாய் டீ வாங்கி வந்தார். இருவரும் வேப்பமரத்தடியில் நின்று குடித்தார்கள். பாயின் மூத்த மகனும் வாணியம்பாடியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டோடு ஏதோ மனத்தாங்கல்.

"ஒரு நாளு கோவத்துல வக்கீல்கிட்டயே போய்க் கேட்டுட்டேன் கவுண்டரே. திடகாத்திரமான பையனுக்குப் பதினெட்டு ஆயிருச்சின்னா அவனுக்குச் சோறு போடுன்னுகூட சட்டம் அப்பனைக் கேக்காதாம்."

"அப்ப ஏன் போடறீங்க?"

"போடாம?" என்றார் பாய். இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள்.

மகள் கண் விழித்துக் கஞ்சி குடித்து, "அப்பா, நீ எப்போ வந்தே?" என்று கேட்ட பிறகுதான் அவர் மலைக்குத் திரும்பினார். தையல் ஆறும்வரை ஷம்ஷாத் வீட்டில் அவள் இருப்பதென்று முடிவாயிற்று.

அவருக்கு முன்பே சேதி மலைக்கு வந்துவிட்டிருந்தது. தசரதன் ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் போன இடத்தில் யார் வாயிலாகவோ கேட்டுக்கொண்டு வந்து ஊரில் போட்டுவிட்டான். மறுநாள் காலையில் வேடியப்பன் பாறையில் ஊர் கூடியது. மழை விட்டு வெயில் வந்திருந்தது. பாறையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"பொண்ணு வயித்தை அறுத்திருக்காங்க" என்றார் காசிக் கவுண்டர். "யாரு உத்தரவு குடுத்தது?"

"அவளேதான்" என்றான் தசரதன். "எழுதிக் குடுத்துட்டாளாம். மாமா போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி."

பெண்கள் பக்கம் சலசலத்தது. அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. அப்பன் உயிரோடு இருக்கும்போது தன்னிஷ்டமாய் முடிவெடுத்த பெண்ணுக்கு அப்பன் வீடும் இல்லை, ஊரும் இல்லை. மங்கம்மாள் சிறுமியாக இருந்த காலத்தில் ஒருத்தியை அப்படி அனுப்பியிருக்கிறார்கள். அவள் சரிவில் இறங்கிப் போனதை மங்கம்மாள் பார்த்திருக்கிறாள். இப்போது அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

கோபால்சாமி எழுந்து நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். எதிர்மலையில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண் அங்கே போயிற்று. "ஆளு போயிட்டாரு" என்று யாரோ முணுமுணுக்க, சிரிப்பு எழுந்தது.

"நான்தான் குடுத்தேன்" என்றார் கோபால்சாமி.

"இன்னா?"

"உத்தரவு. நான்தான் குடுத்தேன்."

"நீ போவறதுக்கு முன்னாடியே அறுத்தாச்சி மாமா" என்றான் தசரதன். "நீ எப்புடி குடுத்திருப்பே?"

கோபால்சாமி காசிக் கவுண்டரைப் பார்த்துத்தான் பேசினார். குரல் தூக்கத்திலிருந்து வருவது போலவே இருந்தது, ஆனால் தடுமாறவில்லை.

"அவ காலேஜிக்குப் போவ சொல்லோ இதே பாறையில நீங்க சொன்னீங்க. தாலி ஏர்ற வரைக்கும் அவ செய்யறது எல்லாம் நான் செஞ்சாப்லன்னு. நான் சம்மதம்னேன். அப்ப அவ போட்ட கையெழுத்து யாரோடது? என்னுதுதானே? நான் வந்து போட்டிருந்தா வாணாம்னா சொல்லியிருப்பேன்? புள்ள செத்துப் பூடும்னாங்க. தப்புன்னா எனக்குக் குத்தம் போடுங்க. அவ ஊரை விட்டுப் போவ வேண்டியதில்ல."

காசிக் கவுண்டர் தான் சொன்ன சொல்லைத் தானே திருப்பித் திருப்பிப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். சொன்னது சொன்னதுதான். ஊரே கேட்டிருக்கிறது.

"சரி" என்றார் கடைசியில். "வேடியப்பனுக்கு ஒரு கிடா. ஊருக்கு ஒரு வேளைச் சோறு. குத்தம் கோபாலுது. பொண்ணு மேல ஊருக்கு ஒண்ணும் இல்ல."

தசரதன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். "தையல் போட்ட பொண்ணு எம் புள்ளைக்கு வாணாம்."

"வாணாம்னா போ" என்றாள் மங்கம்மாள். அவனை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா அவள். சொல்லிவிட்டு அழுதாள். அழுகையோடே வீட்டுக்குப் போய், தானே பார்த்துப் பார்த்து வளர்த்த கருப்புக் கிடாவை முளையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தாள். கோபால்சாமி கையில் கயிற்றைக் கொடுத்தபோது அவரை என்னமோ போலப் பார்த்தாள். புதிதாகக் குடிவந்த ஆளைப் பார்ப்பது போல.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சின்னக்குழந்தை படிப்பை முடித்தாள். வாத்தியார் படிப்பும் படித்துப் படவேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே உடன் வேலை பார்த்த ஒருவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டுக்கு வந்து சொன்னாள். மங்கம்மாள் ஒரு வாரம் பேசவில்லை, பிறகு பேசினாள். தசரதன் கல்யாணத்துக்குப் புளி மூட்டையோடு வந்து, எல்லோருக்கும் முன்னால் பந்தியில் உட்கார்ந்தான். ஊர் கோபால்சாமியைப் பொறுப்பில்லாத ஆள் என்று சொல்வதை நிறுத்தவில்லை. பழகிய வாய்.

ஆனால் அவையெல்லாம் பிறகு. அந்தக் கார்த்திகையில், தையல் ஆறின மகளைக் கூட்டிவர கோபால்சாமி வேலூர் போனார். ஒடுகத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் மலை ஏறினார்கள். அவள் வேகமாக நடக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால் பத்தடிக்கு ஒரு தரம் நின்றார்கள். அவருக்கு அது சௌகரியமாகவே இருந்தது. ஓடை வற்றிக் கணுக்காலளவு ஓடியது. மழை கழுவிவிட்ட மலை, வெயிலில் தூங்கி வழிந்தது.

ஒரு பாறையில் உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்: "ஊர்ல குத்தம் போட்டாங்களாமே. இப்போ ஒடுகத்தூர்ல ராஜாக்கண்ணு அண்ணன் சொன்னாரு. நான்தானேப்பா கையெழுத்து போட்டேன்? நீ ஏன் ஒத்துக்கினே?"

"உனக்கு அப்போ பதினெட்டு ஆவலை" என்றார் அவர்.

"ஆயிருச்சேப்பா. எனக்குப் பத்தொன்பது."

கோபால்சாமி மெல்ல, இடையிடையே எங்கோ பார்த்துக்கொண்டு, காதைத் தொட்ட கதையைச் சொன்னார். சங்கிலியோடு வந்தவர்களைச் சொன்னார். களத்தில் கிடந்த சாமையைச் சொன்னார். அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, தையல் இழுக்குதுப்பா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அப்ப அந்தக் கையெழுத்து செல்லாதா?"

"எனக்கு இன்னா தெரியும்? நீதான் படிக்கிறே."

அவள் சிரிப்பு அடங்கிற்று. கீழே வந்த வழியையும் மேலே போகும் வழியையும் பார்த்தாள். "அன்னிக்குப் பயமா இருந்திச்சிப்பா" என்றாள். "பேனாவைக் குடுத்துட்டு எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. நீ வந்துருவேன்னு வாசலையே பாத்தேன். அப்புறம் இன்னா பண்றது, போட்டுட்டேன்."

அவர் அவள் தலையில் ஒட்டியிருந்த ஒரு சீத்தா இலையை எடுத்துப் போட்டார். மேகம் ஒன்று சரிவில் இறங்கி இருவரையும் மூடியது. பக்கத்தில் இருக்கிறவள் முகம்கூட மங்கலாயிற்று. கண்ணுக்குத் தெரிகிறவள் அவளா, தோளில் வந்தவளா என்று அவருக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

"இப்போ எனக்கு எத்தனைப்பா?" என்றது குரல்.

"நேத்துதான் அறுப்பு ஆரம்பிச்சோம். ஒங்கம்மா கொல்லையிலதான் கீறா."

"அப்படின்னா?"

"ஆயிருச்சி."

வெள்ளைக்குள் எங்கோ ஒரு மாட்டின் கழுத்துமணி ஆடியது. பிறகு அவள் அவர் மடியிலிருந்த துணி முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"பசிக்குதுப்பா. அம்மா இன்னா குடுத்தனுப்பிச்சா?"

அவர் முடிச்சை அவிழ்த்தார். சாமைச் சோறும் கொள்ளுத் துவையலும் இருந்தன. பெரிய உருண்டையாக உருட்டி முதலில் அவள் கையில் வைத்தார்.